ராசாவின் படைக்கு ஆர் சோறு போடுறது?

மாசி மாதம். வெட்டிய நெல் முற்றத்தில் படங்கு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. பெரியப்பா ஓரத்தில் கதிரை போட்டு, கையில் பூவரசங் கம்போடு கோழிக்குக் காவல் இருந்தார். நான் பக்கத்துத் திண்ணையில் இருந்து என் நாவலின் ஏழாவது அத்தியாயத்தை அவருக்கு வாசித்தேன். வீரைநாட்டு இளவரசன் 10,000 வீரர்களோடு விடியற்காலையில் புறப்பட்டுக் காடு கடந்து போய், எதிரியின் கோட்டையை மூன்று மாதம் முற்றுகையிடுகிற அத்தியாயம் அது. ஒரு வருடமாக எழுதித் திருத்தியது. முரசு, கொடி, குதிரைத் தூசி எல்லாம் அதில் இருந்தன.

பெரியப்பா ஒரு கோழியைத் துரத்திவிட்டு வந்து இருந்தார்.

"பிள்ளை, பத்தாயிரம் பேரெண்டா ஒரு நாளைக்கு எத்தினை மூடை அரிசி?"

நான் பேசாமல் இருந்தேன்.

"சரி, உந்தப் படைக்கு ஆர் சோறு போடுறது?"

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். உயர்தரத்தில் பொருளியல் படித்தவள். இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்கால் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்தவள். எனக்கு வரவேண்டிய கேள்வி அது. அரசு ஒன்றைக் கட்டி எழுப்புகிற மிகுபுனைவு எழுத ஆசைப்பட்டு 2019 இல் தொடங்கினேன். நாடு, நகரம், கோட்டை, மந்திரம், வம்சம் எல்லாவற்றுக்கும் கொப்பியில் பக்கம் ஒதுக்கியிருந்தேன். நெல்லுக்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கவில்லை.

அன்று இரவே கணக்குப் போட்டேன். அதை இங்கே அப்படியே தருகிறேன். இந்த வகைக் கதை எழுத நினைக்கிற எவருக்கும் இதைவிட உதவியான ஒன்றை என்னால் சொல்ல முடியாது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. 10,000 பேருக்கு 5,000 கிலோ. 50 கிலோ மூடையில் 100 மூடை. 100 கிலோ நெல் குத்தினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். ஆகவே நாள் ஒன்றுக்கு 7,700 கிலோ நெல் வேண்டும். புசல் ஒன்று 21 கிலோ அளவில் வரும், ஆக 370 புசல். மூன்று மாதத்துக்கு 33,000 புசலுக்கு மேல்.

இந்த நெல் எங்கிருந்து வரும்? இன்று உரமும் புது இனமும் இருக்கிறபடியால் நல்ல போகத்தில் ஏக்கருக்கு 80, 90 புசல் எடுக்கிறோம். வீரைநாட்டில் உரமும் இல்லை, மருந்தும் இல்லை. அங்கே ஏக்கருக்கு 20 புசல் என்று வைத்தேன். அதில் 2 புசல் அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கவேண்டும். ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு என்ற பழைய முறைப்படி 3 புசலுக்குக் கொஞ்சம் மேல் வரி. மிச்சம் 15 புசல் அளவில் நிற்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 67 புசல் நெல் தேவை. அப்படியானால் ஒரு குடும்பம் பசியில்லாமல் இருக்க நாலரை ஏக்கர் வயல் வேண்டும். இளவரசனின் மூன்று மாத முற்றுகைக்கோ 10,000 ஏக்கரின் முழு வருட வரி. எங்கள் பக்கத்து இரணைமடுக் குளத்தின் கீழ், மழையை நம்பிய காலபோகத்தில் விதைக்கிற காணி 20,000 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இரணைமடு அளவு குளம் ஒன்றின் கீழுள்ள நிலத்தில் பாதி, ஒரு வருடம் முழுக்க அந்த முற்றுகைக்கே வரி கட்டவேண்டும். குதிரை, யானைக்குத் தீனி இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த நாள் பெரியப்பாவிடம் கொப்பியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு வரி வரியாகப் பார்த்தார். "நெல்லுச் சரி. என்னத்தில ஏத்திறது?" என்றார்.

மாட்டுவண்டியில்தான். ஒரு வண்டிக்கு 10 மூடை. ஒரு சோடி மாடு நாளுக்கு 12 மைல் போகும் என்று பெரியப்பா சொன்னார். அவர் சின்ன வயதில் வண்டி ஓட்டியவர். கோட்டை 60 மைல் தூரம் என்றால் போக 5 நாள், வர 5 நாள். நாளுக்கு 10 வண்டி போய்ச் சேரவேண்டும் என்றால், எந்த நேரமும் 100 வண்டியும் 200 மாடும் பாதையில் இருக்கும். கொப்பியில் 200 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது பெரியப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உவர் படை எடுத்தது எந்த மாதம்?"

ஐப்பசி என்று எழுதியிருந்தேன். மழை இருட்டு, மின்னல், ஈட்டி முனையில் பளபளப்பு, எல்லாம் அழகாக இருக்கும் என்பதற்காக. ஐப்பசி உழுகிற மாதம். 200 மாட்டையும் அரண்மனைக்காரர் அவிழ்த்துக்கொண்டு போனால் எத்தனை வயல் உழாமல் கிடக்கும்? உழாத வயலில் தை மாதம் என்ன விளையும்? இளவரசன் வெற்றியோடு திரும்பி வருகிறபோது ஊரில் என்ன இருக்கும்?

அந்த ஒரு கேள்வியில் என் நாவல் மாறியது. அதுவரை அது ஒரு இளவரசனின் கதை. அதன் பிறகு மாட்டைக் கொடுத்த ஒருத்தியின் கதையும் ஆனது. கோட்டை விழுகிற அத்தியாயத்துக்கும் ஊர் பசிக்கிற அத்தியாயத்துக்கும் நடுவில் ஒரு சோடி மாடு நிற்கிறது. அந்த மாடுகளுக்குப் பெயர் வைத்தேன். அவற்றின் கழுத்து மணி எந்த அத்தியாயத்தில் கேட்கவேண்டும், எதில் கேட்கக்கூடாது என்றும் முடிவு செய்தேன். ஆகவே எழுதுகிறவர்களிடம் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: உங்கள் அரசன் ஒன்றைச் செய்கிறான், அதை யார் கொடுக்கிறார்கள்? நெல்லாக, மாடாக, தண்ணீராக, பிள்ளையாக யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் அடுத்த அத்தியாயம் அவர் வீட்டு வாசலில் தொடங்கும்.

அடுத்ததாக நான் திருத்தியது வியாபாரியை. முதல் எழுத்தில் அவன் கெட்டவன். தொந்தி, மோதிரம், களவுத் தராசு எல்லாம் வைத்திருந்தான். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்த வியாபாரி அப்படி இல்லை. அறுவடை நேரம் தார் வீதி நீளத்துக்கு நெல் காயும். லொறி வந்து நிற்கும். இறங்குகிறவர் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் எடுத்து, இரண்டு கையாலும் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்த நெல். மெதுவாக நசிந்தால் ஈரம், விலை இறங்கும். ஈரம் 14 வீதத்துக்குள் நிற்கவேண்டும் என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். அவர் பல்லு அதைச் சரியாகச் சொல்லும். எங்கள் ஆட்கள் அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நெல் விலை மாசி, பங்குனியில் விழுவதற்கு அந்த மனிதரின் குணம் காரணம் இல்லை. எல்லோரும் ஒரே கிழமையில் வெட்டுகிறோம். எல்லோருக்கும் ஒரே கிழமையில் கடன் கட்டவேண்டும். உரத்துக்கும் உழவுக்கும் நகை அடகில் இருக்கிறது, வட்டி ஏறுகிறது, வீட்டில் நெல்லை வைக்க இடம் இல்லை, எலி இருக்கிறது, மழை குறுக்கே வரும். விற்கத்தான் வேண்டும். அதே நெல்லை ஆவணியில் அரிசியாகத் திரும்ப வாங்கும்போது விலை வேறு. அறுவடை நாளுக்கும் ஆவணிக்கும் இடையில் நெல்லைக் கையில் வைத்திருக்க யாரால் முடிகிறதோ, இலாபம் அவருக்குப் போகிறது.

இது விளங்கின பிறகு வீரைநாட்டு ராணி சோதிநாச்சி கட்டியது கோட்டை இல்லை, களஞ்சியம். அறுவடை நாளில் ஊரின் விலையை விடக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினாள். ஆடி, ஆவணியில் கொஞ்சம் குறைத்து விற்றாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு செலவு இருக்கிறது. களஞ்சியத்தில் நெல் பழுதாகும், காவல்காரன் அள்ளுவான், வாங்குவதற்குப் பணம் முதலில் வேண்டும். அந்தப் பணத்தை அவள் யாரிடம் கடன் வாங்கினாள் என்பதுதான் இரண்டாம் பாகத்தின் முடிச்சு. வியாபாரியும் இப்போது மனிதனாக இருக்கிறான். அவனுக்கும் கடன் இருக்கிறது. அவனை வெறுக்கிற வாசகர் ஒருவரும், அவன் பக்கம் நியாயம் சொல்கிற வாசகர் ஒருவரும் எனக்குக் கிடைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் என் மச்சாள்மார். அவர்கள் இருவரும் சமைத்துக்கொண்டே அவனைப் பற்றி வாதாடியதைக் கேட்ட நாள் எனக்குப் பெரிய நாள்.

தண்ணீர் பற்றித்தான் கூடுதலாக எழுதவேண்டும் என்று இருந்தேன், ஏனென்றால் வன்னியில் அரசு என்பது குளம். மழைக்காலத்தில் குளம் நிரம்பி வான் பாய்கிறபோது யாரும் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. மழை இல்லாத காலத்துச் சிறுபோகத்தில்தான் எல்லாம். சித்திரையில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடி, இந்த வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவு எடுப்பார்கள். முழுக் காணிக்கும் தண்ணீர் காணாது. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்ட உள்ள வயலில் மட்டும் விதைத்தால் தண்ணீர் வீணாகாது. அப்படியானால் வாய்க்கால் கடைசியில் காணி உள்ளவர் என்ன செய்வார்? கிட்டக் காணி உள்ளவர் தன் நிலத்தில் ஒரு பங்கை அந்தப் போகத்துக்கு விட்டுக்கொடுப்பார். ஏக்கர் கணக்குப்படி ஆளுக்கு ஆள் பங்கு. சட்டப்படி தன்னுடைய காணி, ஆனால் இந்த ஒரு போகத்துக்கு இன்னொருவர் அதில் விதைப்பார். நினைத்துப் பாருங்கள், இதைவிட அதிசயமான அரசியல் எந்த மிகுபுனைவில் இருக்கிறது?

அந்தக் கூட்டங்களுக்குச் சின்ன வயதில் பெரியப்பாவோடு போயிருக்கிறேன். கத்துவார்கள், எழுந்து போவார்கள், திரும்பி வந்து இருப்பார்கள், கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவர் இரவில் மதகை உடைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், வாய்க்கால் காவல் அதற்குத்தான். பொதுவான தண்ணீரை மேலே இருந்து ஒரு அரசனும் கட்டாயப்படுத்தாமல், சந்தையில் விலை போடாமல், ஊரார் தாங்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியும் என்று எலினோர் ஒஸ்ட்ரோம் எழுதினார். நேபாளத்து வாய்க்கால்களையும் அவர் ஆராய்ந்தவர். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். அதே 2009 இல், போர் முடிந்து, நாங்கள் அகதி முகாமில் இருந்தோம். அவருடைய பெயரை நான் அறிந்தது பல வருடம் கழித்து. அறிந்தபோது, பெரியப்பாவின் கூட்டத்தைப் பற்றி யாரோ தூர தேசத்தில் மரியாதையாகப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

என் நாவலில் இதற்கு நேர் எதிராக ஒரு பிழை விட்டிருந்தேன். மந்திரவாதி மழையைக் கூப்பிடுவான். நினைத்த நேரம் மழை. அப்படி ஒருவன் இருந்தால் குளம் எதற்கு? கூட்டம் எதற்கு? கடைசி வயல்காரரின் பயம் எதற்கு? சும்மா கிடைக்கிற மழை என் நாட்டின் அடியைப் பிடுங்கிவிட்டது. வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை, அவன் எனக்குப் பிடித்த ஆள். அப்புறம் பெரியப்பாவின் கேள்வியையே அவனிடமும் கேட்டேன். மழையை ஆர் குடுக்கிறது? இப்போது அவன் புதிதாக மழை செய்வதில்லை, வேறு ஊரின் வானத்திலிருந்து இழுக்கிறான். வீரைநாட்டில் ஒரு நாள் மழை என்றால் கிழக்கே ஒரு ஊரில் ஒரு நாள் வெயில். அதை அவன் மட்டும் அறிவான். கிழக்கு ஊரிலிருந்து வெறுங்காலோடு வந்த ஒரு சிறுவன் அரண்மனை வாசலில் நனைந்துகொண்டு நிற்கிற அத்தியாயம் அதிலிருந்து வந்தது. மந்திரம் எழுதுகிறவர்கள் அதற்குக் கட்டாயம் ஒரு விலை வைக்கவேண்டும். அந்த விலையை மந்திரவாதி தன் உடம்பால் கொடுத்தால் அது அவன் கதையோடு முடிந்துவிடும். வேறு யாரோ ஒருவர் கொடுக்கிறார் என்றால்தான் நாடு அசையும்.

பொன் பற்றிய அத்தியாயத்தைத்தான் ஆகக் கடினப்பட்டு எழுதினேன்.

முதல் எழுத்தில் வீரர்கள் குகையில் ஒரு புதையல் எடுப்பார்கள், நாடு செழிக்கும். 1324 இல் மாலி நாட்டு அரசன் மன்சா மூசா மக்காவுக்குப் போகிற வழியில் கெய்ரோவில் அள்ளிக் கொடுத்த பொன்னால் அங்கே பொன்னின் மதிப்பே இறங்கியது என்று படித்திருந்தேன். பொன் கூடினால் நெல் கூடாது, நெல்லின் விலைதான் கூடும். பாடமாகத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கெய்ரோ நினைவில் வரவில்லை, அம்மா வந்தா.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குப் பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், சீமெந்து, உரம் எல்லாம் வருவதற்குத் தடை அல்லது கட்டுப்பாடு. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் அண்ணன்மார் படித்தார்கள். அம்மா கிழிந்த பத்து ரூபாய் நோட்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் காயவைப்பா. 2002 இல் வன்னிக்கு வருகிற ஏ9 பாதை திறந்தது. 2006 ஆவணியில் திரும்பவும் பூட்டியது. 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் கடற்கரைப் பக்கம் இருந்தபோது அம்மாவின் கையில் இரண்டு சோடி காப்பும் கழுத்தில் கொடியும் இருந்தன. சேர்த்து வைத்த காசும் இருந்தது. அரிசி இருந்தவரிடம் அரிசி இருந்தது. அவர் பொன்னை வாங்கி என்ன செய்வார்? அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு காப்பைக் கொடுத்து அம்மா எவ்வளவு அரிசி வாங்கினா என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. இங்கேயும் எழுத விருப்பம் இல்லை.

அமர்த்தியா சென் 1981 இல் எழுதிய பஞ்சம் பற்றிய நூலில், 1943 வங்கப் பஞ்சத்தில் உணவு இருந்தும் அதை வாங்கும் வலு பலரிடம் இல்லாமல் போனதைக் காட்டினார். எங்கள் அனுபவம் மற்றப் பக்கம்: கையில் பொன் இருந்தது, வாங்க உணவு இல்லை. பசிக்கு இந்த இரண்டு வழியும் உண்டு. நாவலில் ஒரு பஞ்சம் வருகிறது என்றால் அது எந்தப் பசி என்று எழுதுகிறவர் முதலில் முடிவு எடுக்கவேண்டும். வாங்க வலு இல்லாத பசி என்றால், ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் சோறு மணக்கும். அரசன் காசோ வேலையோ கொடுத்துத் தீர்க்கலாம், தீர்க்காவிட்டால் மக்கள் மதிலை உடைப்பார்கள். பொருளே இல்லாத பசி என்றால் காசு கொடுத்தால் விலைதான் ஏறும், பாதையைத் திறக்கவேண்டும். இந்த இரண்டையும் கலந்து எழுதிய கதைகளில் பஞ்சம் வெறும் மேகமாக வந்து போகும். வீரைநாட்டில் நான் பாதை பூட்டிய பசியை எழுதினேன். புதையல் குகை அப்படியே இருக்கிறது. அதைத் திறந்தவர்கள் பொன்னின் மேல் படுத்துப் பட்டினி கிடக்கிறார்கள்.

சின்ன நாடு பெரிய நாடுகளுக்கு நடுவில் எப்படித் தப்பும் என்ற கேள்விக்கு எனக்குத் தூரப் போக வேண்டியிருக்கவில்லை. கற்சிலைமடு எங்களுக்குப் பக்கம். 1803 ஒக்டோபர் 31 இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் ட்ரிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று அங்குள்ள நினைவுக்கல் சொல்கிறது. வன்னியை ஆண்ட அந்தச் சிற்றரசர்களான வன்னியர்களிடம் பொன் சுரங்கம் இருக்கவில்லை. காடு இருந்தது, காட்டில் யானை இருந்தது. போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானையைத்தான் திறையாகக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விற்பனையாகி இந்திய வியாபாரிகளோடு கப்பல் ஏறிய யானைகள் அவை. ஊர்காவற்றுறை யானை ஏற்றிய துறை. காட்டை அறிந்த ஆட்கள் இல்லாமல் யானை பிடிக்க முடியாது, ஆகவே கேட்கிறவன் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் இவர்களோடு பேசித்தான் ஆகவேண்டும். திறையைப் பிந்திக் கொடுப்பது, குறைத்துக் கொடுப்பது, காட்டுக்குள் போய்விடுவது எல்லாம் பேரம்தான். கற்பனை நாட்டுக்கு வரைபடம் போடுகிறபோது மலை, ஆறு போட்டுவிட்டு, அந்த நாட்டிடம் மட்டும் இருக்கிற ஒன்று என்ன, அது யாருக்கு வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த கை யாருடையது என்று மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். அரசியல் தானாக வரும்.

வரி பற்றி எழுதுகிறவர்கள் புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னதை ஒரு தடவை படியுங்கள். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் மா என்கிற பழைய நில அளவில் ஒன்றுக்குக் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாள் காணும், யானை தானே புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய்க்குப் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். யானை புகுந்த வயலை விடியக் காலையில் போய்ப் பார்த்தவர்கள் வன்னியில் நிறைய. எங்கள் வயலிலும் ஒரு தடவை நடந்தது. தின்றது ஒரு மூலை, மிதித்தது முழுக்க. சேற்றில் ஒரு அடித்தடம் சுளகு அளவுக்கு இருந்தது, அதற்குள் தண்ணீர் ஊறி நெற்கதிர் மிதந்தது. வீரைநாட்டு வரி அதிகாரி ஒரு ஊருக்குள் வந்து போன காட்சியை நான் அந்தத் தடத்தை வைத்துத்தான் எழுதினேன்.

ஆணை பற்றி ஒரு வார்த்தை. அரசன் ஒரு நாளில் ஒரு ஓலை எழுதி நாட்டை மாற்றுவது இவ்வகைக் கதைகளில் அடிக்கடி வரும். ரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் 301 இல் எல்லாவற்றுக்கும் உச்ச விலை போட்டு, மீறினால் மரணம் என்றான். பொருட்கள் சந்தையிலிருந்து மறைந்தன. நான் இதைப் புத்தகத்தில் படித்தேன், 2021 இல் வயலில் படித்தேன். இரசாயன உர இறக்குமதி மே மாதம் தடையானது, நவம்பரில் எடுத்தார்கள். அதற்குள் காலபோக விதைப்பு நடந்துவிட்டது. இயற்கை உரம் கெட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் மண்ணுக்கும் இனத்துக்கும் பழக்கத்துக்கும் சில வருடங்கள் வேண்டும். பயிர் மஞ்சளாக நின்றது. 2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த நாட்களில் சங்கக்கடையில் விலை அட்டையை ஒரே கிழமையில் இரண்டு தடவை நான் மாற்றி எழுதியிருக்கிறேன். முன்பு எழுதிய விலை தெரியாமல் இருக்க மேலே வெள்ளைத் தாள் ஒட்டினோம். தாள் தடித்துக்கொண்டே போனது. அந்த அட்டை இப்போது வீரைநாட்டுச் சந்தையில் ஒரு மரப்பலகையாகத் தொங்குகிறது. ஒவ்வொரு தடவையும் சீவி எழுதி எழுதி மெலிந்துபோன பலகை.

இவ்வளவு கணக்கையும் கதையில் எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது. நான் ஒரு தடவை சொன்னேன், ஆசிரியர் ஒருவர் இளவரசனுக்கு வட்டியையும் வரியையும் பற்றி நாற்பது பக்கம் விளக்கினார். வெட்டிவிட்டேன். கொப்பி என்னுடையது, கதை வாசகருடையது. கொப்பியில் 370 புசல் இருக்கும், கதையில் களஞ்சியத்தின் அடியில், நெல் அளக்கிற கொத்து என்ற பாத்திரம் மரத்தைச் சுரண்டுகிற சத்தம் இருக்கும். ஒரு நாட்டுக்கு ஒரே அளவை வைத்துக்கொள்ளுங்கள், அது கையில் பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். என் நாட்டில் எல்லாம் கொத்துக் கணக்கு. கூலி ஒரு கொத்து, ஒரு ஆட்டுக்கு இத்தனை கொத்து, ஒரு வாளுக்கு இத்தனை. இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பிள்ளை கொத்து நெல்லோடு கடைக்குப் போய் வருவதைக் காட்டிவிட்டால், இருபதாவது அத்தியாயத்தில் அதே பிள்ளை அதே கொத்தோடு வெறுங்கையாகத் திரும்புவதை வாசகர் தானே கணக்குப் பார்த்துக்கொள்வார். திகதியையும் பருவத்தோடு கட்டி வையுங்கள். ஐப்பசியில் உழவு, மாசியில் அரிவு, ஆவணியில் வெறும் அடுப்பு.

போன மாதம் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். எதிரி வீரைநாட்டு நகரத்தை வளைத்திருந்த முற்றுகை நீங்கிவிட்டது, பாதை திறந்துவிட்டது, சோதிநாச்சி நகர வாசலில் நிற்கிறாள், முதல் மழை விழுகிறது. பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. முற்றத்தில் அதே இடத்தில் இருந்து கேட்டார். நடுவில் ஒரு தடவையும் மறிக்கவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். பிறகு, "மழை வந்திட்டுது. விதைநெல்லு ஆரிட்ட இருக்கு?"

எட்டு மாத முற்றுகை. நகரத்துக்குள் எலியையும் தின்றார்கள் என்று நானே எழுதியிருந்தேன். ஏக்கருக்கு 2 புசல் விதை என்று முதல் நாளே கொப்பியில் நானே எழுதினேன். அதை அவர்கள் எந்த அத்தியாயத்தில் தின்றார்கள்?

2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது வயல் பற்றையாகக் கிடந்தது. வீட்டில் ஒரு மணி நெல் இல்லை. விதைநெல் மூடையாக லொறியில் வந்தது. பெயர் கூப்பிட்டார்கள், வரிசையில் நின்றோம், பெரியப்பா கையெழுத்து வைத்து இரண்டு மூடை வாங்கினார். அவர் அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஏறாமல், வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் மூடையை அவிழ்த்து ஒரு பிடி எடுத்து மணந்தார். எந்த ஊர் நெல்லோ தெரியாது, எங்கள் ஊர் நெல்லினமான ஆட்டக்காரி இல்லை.

வீரைநாட்டுக்கு அந்த லொறி எங்கிருந்து வரும்? மூன்று பக்கமும் எதிரி, ஒரு பக்கம் கடல். மழையை இழந்த கிழக்கு ஊர்க்காரரிடம் மட்டும்தான் கொஞ்சம் விதை மிஞ்சியிருக்கும், விதைக்க அவர்களுக்கு மழை கிடைக்கவில்லை. அவர்களிடம் போய்க் கேட்கவேண்டியவன் அந்த மந்திரவாதி. நேற்று இரவு அவனை வழியில் இறக்கிவிட்டேன். கையில் ஒரு வெறும் சாக்கு மட்டும் இருக்கிறது. கிழக்கு வாசலில் அந்தச் சிறுவன் நிற்கிறான்.